நாங்க குளத்துக்கு பூட்டு போட்ட வருஷம்

கூடலூர்ல இருந்து பந்தலூர் போற வழியில உள்ள தள்ளி இருக்கு எங்க ஊர். பேர் சொல்லல, சொன்னா நாளைக்கு டீக்கடையில நிம்மதியா உக்கார முடியாது. ஊருக்கு கீழ ஒரு குளம் இருக்கு, பழைய எஸ்டேட்காரங்க வெட்டுனதுன்னு சொல்வாங்க, மழைக்காலத்துல அஞ்சு ஏக்கர் நிக்கும், மார்ச் ஏப்ரல்ல ரெண்டு ஏக்கரா சுருங்கிடும். அந்த குளத்துல மீன் வளக்குறேன்னு நாங்க ஒரு பதினாலு பேர் இறங்கி என்னென்ன கூத்து பண்ணோம், எதுல அடி வாங்குனோம்னு எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். வேற ஊர்ல யாராவது இதே வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி படிச்சா ஒரு வருஷமாவது மிச்சம்.

2017 வரைக்கும் குளத்தை மீன்பாசி ஏலத்துல (மீன் பிடிக்கிற உரிமைக்கு விடுற ஏலம்) வெளியூர்காரர் ஒருத்தர் எடுத்துட்டிருந்தார். மலைக்கு கீழ, சமவெளி ஆள். வருஷத்துக்கு ஒருதடவை வண்டி கட்டிட்டு வருவார், கொசுவலை மாதிரி பொடிக்கண்ணி வலையை கரைக்கு கரை இழுத்து குஞ்சு குளுவான் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு போயிடுவார், நாங்க கரையில நின்னு வேடிக்கை பாப்போம், கேட்டா ரெண்டு கிலோ சும்மா குடுப்பார். அதுலதான் எங்களுக்கு ரோஷம் வந்துச்சு. நம்மூர் குளம், நம்மளே எடுத்தா என்னன்னு பதினாலு பேர் சேர்ந்து ஆளுக்கு மூவாயிரம் போட்டு குத்தகையை எடுத்தோம். மூணு வருஷ குத்தகை. பதினாலு பேரும் ஆம்பளைங்க, பாதிப்பேர் என்னைய மாதிரி சிலோன்காரங்க வீட்டு பிள்ளைங்க (இலங்கை தோட்டத்து இந்திய வம்சாவளி தமிழரை இங்க அனுப்புன 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல கப்பல்ல வந்து, மண்டபம் கேம்ப்ல கிடந்து, அங்கருந்து தேயிலை வேலைக்கு மலையேறுன குடும்பம்), மீதி மலையாளம் பேசுறவங்க கொஞ்சம், செட்டி வீட்டு ஆளுங்க கொஞ்சம். குளத்துக்கு வடக்கால பணியர் பழங்குடி மக்களோட காலனி இருக்கு, இருபத்திரெண்டு வீடு. அதுல இருந்து ஒருத்தர்கூட குழுவுல இல்ல. அப்ப அது எங்க யாருக்கும் உறுத்தவே இல்ல, அதையும் சொல்லிடணும்.

முதல் தப்பு மீன்குஞ்சுல. விலை கம்மின்னு நகத்தளவு குஞ்சா பத்தாயிரம் வாங்குனோம், கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கலந்து. பாலிதீன் பையில ஆக்சிஜன் அடிச்சு குடுத்தாங்க, நாங்க ஜீப்ல ஏத்திட்டு மேட்டுப்பாளையம் வழியா ராத்திரியோட ராத்திரியா ஊட்டி ஏறி கூடலூர் இறங்குனோம். கீழ வெக்கையில இருந்த குஞ்சு, ஊட்டி குளிர்ல ரெண்டு மணி நேரம், ஏன்னா டிரைவர் அண்ணனுக்கு டீ குடிக்கணும், எங்களுக்கும் குடிக்கணும். விடியக்காலம் குளத்துக்கு வந்து பையை அறுத்து அப்படியே கொட்டிட்டோம். பாதி அப்பவே மல்லாந்துடுச்சு. பையை அவுக்காம தண்ணியில ஒரு இருபது நிமிஷம் மிதக்க விட்டு, ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குளத்து தண்ணியை உள்ள விட்டு பழக்கி அப்புறம் திறக்கணும்னு பின்னாடிதான் ஒரு மீன்வளத்துறை அதிகாரி சொன்னார். பொழச்ச மீதியை விராலும் குறவையும் தின்னு தீர்த்துடுச்சு. வெறும் குட்டையை காயப்போட்டு சுத்தம் பண்ணி வளக்குறதுக்கு நகத்தளவு குஞ்சு சரி. விரால் குடியிருக்குற பழைய குளத்துக்கு நாலு இஞ்ச் குஞ்சு வேணும். எண்ணிக்கை கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, விரால் வாய்க்கு அடங்காத அளவுல இருக்கணும், அவ்ளோதான் கணக்கு. இன்னொண்ணு, கட்லா ரோகு எல்லாம் ஓடுற ஆத்துல வெள்ளம் வந்தாத்தான் முட்டை போடும், நிக்கிற குளத்துல குட்டி போட்டு பெருகும்னு நம்பி உக்காராதீங்க, வருஷா வருஷம் வாங்கித்தான் விடணும்.

ரெண்டாவது தப்புதான் பெருசு. 2018-ல மறுபடி குஞ்சு விட்டோம். இந்த தடவை காசு போட்டிருக்கோம்ங்கிற வெறியில குளத்தை மூடிட்டோம். யாரும் இறங்க கூடாது, வலை கூடாது, தூண்டில் கூடாது, கூடை கூடாது, மீறுனா ஐநூறு ரூபாய் அபராதம்னு மஞ்ச பெயிண்ட்ல போர்டு எழுதி நட்டு, பாதையில சங்கிலி கட்டி பூட்டு போட்டோம். மீன் வளரணும்னா பிடிக்காம விடணும், இதுல என்ன தப்புன்னு நெனச்சோம். முறைப்படி கூட்டம் எல்லாம் போட்டோம். காலனில இருந்து ஆறு பொம்பளைங்க வந்தாங்க, பின்னாடி சுவரோரமா உக்காந்தாங்க, நாங்க ஒரு மணி நேரம் பேசுனோம், கடைசில சம்மதமான்னு கேட்டோம், தலையாட்டுனாங்க, நோட்டுல கைநாட்டு வாங்கிட்டோம். அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அந்த பக்கத்தை பாத்தா இப்பவும் கூச்சமா இருக்கு. அந்த ஆறு பேர்ல மூணு பேர் எங்க குழுக்காரங்க தோட்டத்துலதான் கூலி வேலை. மொதலாளி முன்னாடி உக்காந்து மாட்டேன்னு யார் சொல்லுவா?

அவங்க அந்த குளத்துல என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்ல. சாயங்காலம் வேலை விட்டு வந்தா ரெண்டு பேர் பழைய சேலையை ஆளுக்கொரு முனை பிடிச்சு கரையோரமா அரிப்பாங்க, அயிரை, ஆரல், சின்ன கெண்டை, நண்டுன்னு ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடி வரும், அன்னிக்கு குழம்பு அது. பிள்ளைங்க மண்புழு மாட்டி தூண்டில் போட்டு ஜிலேபி மீன் (திலேப்பியா) பிடிக்கும். விக்கிற மீன் இல்ல அது, அதனால எங்க கண்ணுல அது மீன்பிடியாவே தெரியல.

முன்னாடி இதெல்லாம் வயல்லயே கிடைச்சிருக்கு. எங்க பக்கம் பள்ளத்துல எல்லாம் நெல்லு வயல்தான். மழை ஆரம்பிச்சு மொத வெள்ளம் ஓடையில ஏறும்போது முட்டையோட மீனு எதிர்த்து ஏறி வயலுக்குள்ள வரும், ஊத்த மீனுன்னு சொல்வோம், கேரளா எல்லை பக்கம்ங்கிறதால அந்த வார்த்தை இங்கயும் உண்டு. வயலை வாழைக்கும் இஞ்சிக்கும் மாத்துனப்புறம் வாய்க்கால் வெட்டி தண்ணியை வடிச்சாங்க, வாழைக்கு குருணை மருந்து போட்டாங்க, அப்புறம் ஓடையில நண்டுகூட இல்ல. (போரேட் குருணையை 2020 டிசம்பர் 31-ஓட நாடு முழுக்க நிறுத்திட்டாங்க, ஆனா வேற பேர்ல வேற மருந்து வந்துட்டேதான் இருக்கு.) ஆக வயல் போச்சு, ஓடை போச்சு, மிச்சம் இருந்தது இந்த குளம் ஒண்ணு. அதுக்குத்தான் நாங்க மீன் வளத்தை பாதுகாக்குறோம்னு பூட்டு போட்டோம். வளத்தை அழிச்சது வாழை போட்டவன், அதுல எங்க குழு ஆளே அஞ்சு பேர் உண்டு. கட்டுப்பாடு மட்டும் சேலை பிடிச்சு அரிச்சவங்களுக்கு.

ஒருநாள் ஒரு பாட்டி தூண்டிலோட மாட்டுனாங்க. எங்க ஆள் ஒருத்தர் தூண்டில் குச்சியை ஒடிச்சுப்போட்டு அபராதம் கேட்டிருக்கார். நான் போய் சமாதானம் பண்றதா நெனச்சு, அபராதம் வேணாம் பாட்டி, ஆனா இனிமே வராதீங்கன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல, குச்சியை எடுத்துட்டு போயிட்டாங்க.

2019 ஆகஸ்ட் மழை நீலகிரில யாருக்கும் மறக்காது. எங்க குளத்துல ராத்திரி மதகு ஓரமா கரை உடைஞ்சு பாதி தண்ணி பாண்டியாறு பக்கம் போயிடுச்சு, கூடவே எங்க மீனும். காலைல போய் தலையில கை வெச்சு நின்னப்ப காலனி பையன் ஒருத்தன் சொல்றான், அந்த இடத்துல ரெண்டு நாளா தண்ணி கசிஞ்சுட்டு இருந்துச்சு அண்ணா, நண்டு வளை பெருசாயிடுச்சுன்னு எங்கம்மா சொல்லிட்டிருந்துச்சு. ஏன்டா எங்ககிட்ட சொல்லலன்னு கேட்டேன். "நீங்கதான அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கீங்க"ன்னான். நக்கலா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னான். எங்க பதினாலு பேர்ல ஒருத்தனும் மழையில கரையை சுத்தி நடந்து பாக்கல, தினம் அந்த கரையில நடந்துட்டிருந்தவங்களை நாங்களே விரட்டிட்டோம்.

2020 மார்ச்ல மிச்ச மீனை பிடிச்சோம். வலையில வந்தது முக்காவாசி உள்ளங்கை அளவு ஜிலேபி. கட்லா அரை கிலோகூட தேறல. அப்பதான் அந்த அதிகாரி மறுபடி வந்து பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டார், இங்க தூண்டில் போடுறவங்க இல்லையான்னு. நாங்க பெருமையா, இல்ல சார், ஸ்ட்ரிக்டா நிறுத்திட்டோம்னு சொன்னோம். அவர் சிரிச்சுட்டார். ஜிலேபி தாய் முட்டையை வாயிலயே வெச்சு அடைகாக்கும், வருஷத்துல பல தடவை குஞ்சு பொரிக்கும், பிடிக்க ஆள் இல்லன்னா பெருகி பெருகி ஒண்ணுக்கும் தீனி பத்தாம எல்லாம் குள்ளமா நின்னுடும், நீங்க விட்ட மீனோட தீனியையும் அதுவே தின்னுடும்னார். அதாவது காலனி பிள்ளைங்க தினம் தூண்டில்ல பிடிச்சுட்டிருந்த பொடி ஜிலேபிதான் எங்களுக்கு இடைஞ்சல் பண்ற மீனு, அதை அவங்க இலவசமா குறைச்சு குடுத்துட்டிருந்தாங்க, நாங்க அதை நிறுத்தி வெச்சிருக்கோம்!

ஒரு சைடு கதை. இந்த ஜிலேபியை 1952-ல சிலோன்ல இருந்து மண்டபத்துக்குத்தான் கொண்டு வந்தாங்களாம். ஊட்டி ஏரியில விட்ட கண்ணாடி கெண்டையும் 1939-ல சிலோன்ல இருந்து வந்ததுதான். எங்கப்பா மண்டபத்துல இறங்குனது 1974. இதை எங்க குழு செட்டி அண்ணன்கிட்ட சொன்னதுல இருந்து, வலையில ஜிலேபி வந்தாலே "உங்க சொந்தக்காரன் வந்துட்டான்டா"ன்னு என்னைய கூப்பிடுவார்.

பூட்டை திறந்தது நாங்க இல்ல, லாக்டவுன். வேலை நின்னுடுச்சு, கோழிக்கோட்டுல இருந்து வர்ற மத்தி வண்டி நின்னுடுச்சு, காலனில கூலி இல்ல. யாரும் கூட்டம் போடல, தீர்மானம் போடல, ஒருநாள் காலைல போனா கரை பூரா ஆள், நாங்களும் ஒண்ணும் சொல்லல, சொல்ல மூஞ்சி இல்ல. ரெண்டு மூணு மாசம் தூண்டில்லயும் சேலையிலயும் எடுத்தாங்க. அதுக்கப்புறம் விட்ட நாலு இஞ்ச் குஞ்சு அடுத்த வருஷம் மார்ச்ல முக்கா கிலோ, ஒரு கிலோ நின்னுச்சு. குஞ்சு பெருசா விட்டதும் ஒரு காரணம், ஜிலேபி குறைஞ்சதும் ஒரு காரணம்.

குத்தகையை புதுப்பிக்கிறப்ப இந்த தடவை நாங்க காலனிக்கு போனோம். சனிக்கிழமை கூலி குடுத்த சாயங்காலம், அவங்க வீட்டு முற்றத்துல. மொத தடவை எங்கள்ல ஏழெட்டு பேர் போனோம், ஒண்ணும் பேசல அவங்க. ரெண்டாவது தடவை நானும் என் வீட்டுக்காரியும் மட்டும் போனோம், அவளை விட்டு பொம்பளைங்ககிட்ட தனியா பேச சொன்னேன், அப்பதான் வாய் திறந்தாங்க. தூண்டில் ஒடிஞ்ச பாட்டிதான் அதிகம் பேசுனாங்களாம். "தம்பிகிட்ட சொல்லு, குளம் எங்கயும் ஓடிப்போகாது, மீனுக்கு கோபமும் வராது, மனுசனுக்குத்தான் வரும்"னு சொன்னதா வந்து சொன்னா. யார் கூட்டத்துக்கு வந்தாங்கன்னு எண்ணிக்கை எழுதுறதை விட, யார் வீட்டு திண்ணையில எந்த நேரத்துல யார் இல்லாம பேசுறோம்ங்கிறதுதான் முக்கியம்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அப்ப போட்ட விதிதான் இன்னிக்கு வரைக்கும், சின்ன சின்ன மாத்தத்தோட ஓடுது. தூண்டிலும் கூடையும் சேலையும் வருஷம் பூரா யாருக்கும் இலவசம், குழு உறுப்பினர் இல்லன்னாலும். வலை மட்டும் குழு சொல்ற நாள்ல, ரெண்டு இஞ்சுக்கு கீழ கண்ணி இருக்க கூடாது. ராத்திரி வலையை தண்ணியில விட்டுட்டு வீட்டுக்கு போக கூடாது, இது நீர்நாய்க்காக, ஒருதடவை ஒரு குட்டி வலையில சிக்கி செத்துப்போச்சு, பாரஸ்ட்ல இருந்து வந்து கேட்டாங்க, பதில் சொல்ல முடியல. மழை ஆரம்பிச்சு நாப்பத்தஞ்சு நாள் ஓடை வந்து குளத்துல சேர்ற வாயில யாரும் எதுவும் வெக்க கூடாது, ஏறுற மீன் ஏறட்டும். செவப்பு குஞ்சு கூட்டத்தோட சுத்துற விராலை எந்த காலத்துலயும் பிடிக்க கூடாது, ஏன்னா தாயும் தகப்பனும் காவல் நிக்கிற நேரம் அது, அதை பிடிச்சா அத்தனை குஞ்சும் போச்சு. இந்த கடைசி ரெண்டு விதியும் எங்க மண்டையில உதிச்சது இல்ல, காலனி பெரியவங்க சொன்னது, அவங்க முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்காங்க. நாங்க எழுதி மட்டும் வெச்சோம்.

காசு விஷயம் சுலபமா முடியல. வலை இழுக்க வர்ற ஆளுக்கு கூலியா பங்கான்னு ஒரு வருஷம் பூரா சண்டை. இப்ப வித்த பணத்துல மொதல்ல குத்தகையும் அடுத்த வருஷ குஞ்சுக்கும் எடுத்து வெச்சுட்டு, மீதில பாதி வலை இழுத்தவங்களுக்கு தலைக்கு சமமா, பாதி பணம் போட்டவங்களுக்கு. காலனில இருந்து அஞ்சு பேர் இழுக்க வர்றாங்க, அவங்களுக்கும் எனக்கும் ஒரே பங்குன்னதும் எங்க குழுவுல ரெண்டு பேர் கோவிச்சுட்டு விலகிட்டாங்க. பணம் பெருசா இல்ல அவங்களுக்கு, ஒரே வரிசையில நின்னு பணம் வாங்குறதுதான் பிரச்சினை, அதை வெளிய சொல்லாம வேற காரணம் சொன்னாங்க. போகட்டும்னு விட்டுட்டோம். எடை போடுறது காலனி பொண்ணு ஒருத்தி, பிளஸ் டூ படிச்சிருக்கு, எல்லார் முன்னாடியும் தராசுல வெச்சு சத்தமா சொல்லி நோட்டுல எழுதணும். அதுக்கப்புறம் கணக்கு சண்டை பாதி குறைஞ்சுது. ஊர்க்காரங்களுக்கு காலைல எட்டு மணி வரைக்கும் கரையில கிலோ நூத்திஅறுவது, அதுக்கப்புறம்தான் வியாபாரிக்கு.

நடுவுல ஒருத்தர் ஆப்பிரிக்க கெளுத்தி விடலாம், கோழிக்கழிவு போட்டாலே ஆறு மாசத்துல ஒரு கிலோ வரும்னு கிளப்பிவிட்டார். 2000-லயே அரசாங்கம் தடை பண்ணுன மீன் அது. சட்டத்தை விடுங்க, 2019-ல கரை உடைஞ்சப்ப குளத்துல அது இருந்திருந்தா பாண்டியாறு வழியா புன்னப்புழா, சாலியாறு வரைக்கும் போயிருக்கும், எதிர்ல வர்ற எல்லா மீனையும் தின்னுட்டு. மலையில இருக்கற குளத்துக்கு எந்த மீன் விட்டாலும் ஒருநாள் அது ஆத்துக்கு போகும்னு வெச்சுட்டே முடிவெடுக்கணும். கலிங்கல்ல (குளம் நிறைஞ்சா தண்ணி வழிஞ்சு போற இடம்) கம்பிவலை அடிச்சிருக்கோம், இலை அடைச்சா தண்ணி கரைக்கு மேல ஏறும், அதனால மழைநாள்ல தினம் ரெண்டு வேளை ஆள் போய் வாரணும், முறை போட்டிருக்கோம்.

மீன் செத்து மிதந்தா உடனே பக்கத்து தோட்டக்காரர் மேல பாயாதீங்க. நாங்க பாஞ்சோம், அசிங்கப்பட்டோம். விடியக்காலம் மீன் மேல வந்து வாயை வாயை திறக்குது, பெரிய மீனா சாகுது, வெயில் ஏறுனா மத்தது தெளியுதுன்னா அது காத்து பத்தாம. மூடாப்பா நாலஞ்சு நாள் இருந்து தண்ணி பச்சையா இருந்தா இப்படி ஆகும், குளத்துக்கு உரமா சாணி போடுறதை நிறுத்தி, மோட்டார் வெச்சு தண்ணியை எடுத்து மேல இருந்து கொட்டணும். மருந்துன்னா நேரம் காலம் பாக்காது, பொடி மீன் மொதல்ல சாகும், நண்டும் சாகும், பெரும்பாலும் கோடை மொத மழைக்கு மறுநாள். 2022-ல எங்களுக்கு ரெண்டாவது மாதிரி ஆச்சு. நண்டு கரையேறுறதை பாத்து காலனி அம்மா ஒருத்தங்க ஆறு மணிக்கே போன் பண்ணாங்க, ஓடைவாயை மண்மூட்டை போட்டு அடைச்சு தண்ணியை திருப்பிவிட்டோம், பாதி மீன் பொழச்சுது. 2019-ல வராத போன் அது.

மேல் மலையில, அவலாஞ்சி பக்கம், வெள்ளைக்காரன் 1907-ல ட்ரவுட் பொரிப்பகம் வெச்சான், இன்னிக்கும் நீலகிரி மீனுன்னா டூரிஸ்டுக்கு அதுதான். அதுக்கும் முன்னாடி 1879-லயே நீலகிரிக்குன்னு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்பு சட்டம் போட்டிருக்கான். யாருக்காக பாதுகாத்தான்? லைசென்ஸ் எடுத்து பொழுதுபோக்கா தூண்டில் போடுற துரைக்காக. எங்க மஞ்ச போர்டும் அந்த வம்சம்தான்னு இப்ப தோணுது. வெடி வெச்சோ விஷம் கலந்தோ மீன் பிடிக்கிறதை 1897 மீன்வள சட்டம் தடுக்குது, அது நியாயமான சட்டம், எங்க ஊர்ல பசங்க தோட்டா போட பாத்தப்ப அதை சொல்லித்தான் நிறுத்துனோம். ஆனா 2006 வன உரிமை சட்டத்துல, 3(1)(ஈ) பிரிவுல, நீர்நிலையில மீன் எடுக்குறதும் சமூக உரிமைன்னு இருக்கறது எங்க பக்கம் பாதிப்பேருக்கு தெரியாது. எங்க ஓடையோட மேல்பகுதி காட்டுக்குள்ளதான் வருது. கிராம சபைல வெச்சு காலனிக்காரங்க அதுக்கு மனு எழுதியிருக்காங்க, பதில் வரல, வர்றப்ப வரட்டும்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு இல்ல. கமிட்டில ரெண்டு காலனி பொம்பளைங்க பேர் இருக்கு, ஆனா கூட்டம் இன்னும் சில நேரம் ராத்திரி எட்டு மணிக்கு வெக்கிறோம், யானை நடமாடுற பாதையில அந்த நேரத்துக்கு அவங்க எப்படி வருவாங்கன்னு யோசிக்காம. அயிரை கொஞ்சம் திரும்பியிருக்கு, ஆரல் இன்னும் கண்ணுலயே காணோம். வாழைக்கு மருந்து அடிக்கிற அஞ்சு பேர்ல ரெண்டு பேர்தான் ஓடையோரம் ரெண்டு வரிசை விட்டு அடிக்க ஒத்துக்கிட்டாங்க.

மஞ்ச போர்டை பிடுங்கி கலிங்கல்ல குப்பை தள்ளுறதுக்கு பலகையா வெச்சிருக்கோம். போன வாரம் பாத்தேன், கம்பிவலை ஒரு மூலைல பிஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடி மாத்தணும், ஆயிரத்தி இருநூறு ஆகும்ங்கிறார் வெல்டிங் கடைக்காரர். ஞாயித்துக்கிழமை பாட்டி வீட்டு முற்றத்துலதான் கூட்டம், நாலு மணிக்கு.